விண்ணொளி ஆய்ந்த வித்தகர்: பேராசிரியர் சுப்பிரமணியன் சந்திரசேகர்

தோற்றுவாய்

கல்லூரி விழாமலர்களிலே பெரியோர் வரலாறு எழுதப் புகுவோர், அப்பெரியோர் பெற்ற பட்டங்களையும் பரிசில்களையும் நிரல்படுத்திக் காட்டுதல் மரபு. வானியற் பௌதிகப் பேரறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் அவர்களின் வரலாற்றை அம்முறையில் எழுதினால் அந்நிரலே பல பக்கங்களை நிரப்பிவிடும். எனினும், நம் மாணாக்கர் அவரது வாழ்விலிருந்து அறியவேண்டியது வேறொன்றுண்டு. பத்தொன்பது வயதில் அவர் கண்ட உண்மையொன்றை, அக்காலத்து வானியலின் தலைமகனாக விளங்கிய ஒருவர் அறிஞர் அவை நடுவே எள்ளி நகையாடினார். அவ்வுண்மையின் முழுப்பொருளை அறிவுலகம் ஏற்பதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் சென்றன. அந்த முப்பது ஆண்டுகளையும் சந்திரசேகர் எவ்வாறு கழித்தார் என்பதே சிந்திக்கத்தக்கது.

அவரைப் பற்றி இன்று எழுதுதற்கு மற்றுமொரு காரணமும் உண்டு. 1995ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் பெயரைத் தாங்கிய தொலைகாட்டி ஒன்று 1999இல் விண்ணிற் செலுத்தப்பட்டு, மாபெருங் கருந்துளைகளின் அயலிலிருந்து பாயும் தாரைகளையும், அத்தாரைகளில் திடீரென எழுந்து அடங்கும் ஒளிப்பெருக்குகளையும் ஆராய்ந்து வந்துள்ளது. அவ்வொளிப்பெருக்குகளை விளங்கிக்கொள்ளுதற்கு வேண்டிய அறிவின் பல கூறுகள், சந்திரசேகர் தம் வாழ்நாளில் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு நோக்கங்களோடு உழைத்த துறைகளைச் சார்ந்தவை. ஆதலின் அவரது வாழ்க்கையைச் சொல்லுங்கால் இவ்விஞ்ஞானத்தையும் உடன் சொல்லுதல் பொருந்தும்.

பிறப்பும் கல்வியும்

சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 19ஆந் திகதி லாகூர் நகரிலே தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் சி. சுப்பிரமணிய ஐயர் புகையிரதப் பகுதியின் கணக்காய்வுத் துறையில் உயர்பதவி வகித்தவர். வயலின் வாசிப்பதிலும் இசையிலக்கண ஆராய்ச்சியிலும் மிக்க ஈடுபாடுடையவர். கருநாடக இசையின் இலக்கணம் பற்றி நூலும் இயற்றியவர். தாயார் சீதாலட்சுமி அம்மையார் பத்து மக்களைப் பெற்று வளர்த்த இல்லத்தரசியாராயினும், தாமாக முயன்று கற்று, நோர்வே நாட்டு நாடகாசிரியர் இப்சனின் நாடகமொன்றைத் தமிழிலே தந்தவர். ஒளிச்சிதறல் பற்றிய ஆய்வுக்காக 1930ஆம் ஆண்டின் நோபெல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன், சந்திரசேகரின் சிறிய தந்தையாராவர்.

பிள்ளைப் பருவத்திலே சந்திரசேகர் பள்ளிக்கூடம் சென்றாரல்லர். பெற்றோரும் தனியாசிரியர்களும் வீட்டிலேயே பாடஞ் சொல்லிக் கொடுத்தனர். குடும்பம் சென்னையிற் குடியேறிய பின்னர், பன்னிரண்டு வயதளவில், திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலையிற் சேர்ந்தார். இந்துக் கல்லூரியொன்றின் மலரை வாசிப்போர்க்கு இச்செய்தி சிறிது உவகை தருவதாகலாம். 1925ஆம் ஆண்டில், பதினைந்து வயது நிரம்புமுன்னரே, சென்னை மாநிலக் கல்லூரியின் மாணவரானார். அங்கே பௌதிகத்தைச் சிறப்புப் பாடமாகப் பயின்றாரேனும், கணித வகுப்புகளை நாடிச் செல்வதே அவர் வழக்கமாயிற்று.

1928ஆம் ஆண்டில் ஜெர்மனிய அறிஞர் ஆர்னல்ட் சொமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அவருடைய நூலை முன்னரே கற்றுத் தெளிந்திருந்த சந்திரசேகர், துணிவுடன் அவர் தங்கியிருந்த விடுதிக்குச் சென்று கண்டார். தாம் கற்றவை பழைமையாகிவிட்டன என்பதையும், அணுவுலகைப் பற்றிய கொள்கைகள் அண்மையில் முற்றாக மாறிவிட்டன என்பதையும் அவ்வறிஞர் வாயிலாகவே அறிந்தார். வேறொருவராயின் மனமுடைந்து திரும்பியிருப்பர். இவ்விளைஞரோ சொமர்ஃபெல்ட் கொடுத்த, அச்சேறாத கட்டுரைப் படியொன்றைக் கொண்டு, சில மாதங்களிலே புதிய கொள்கையைத் தாமே கற்று, கொம்ப்டன் சிதறல் பற்றிக் கட்டுரையொன்றும் எழுதிவிட்டார். அஃது 1929இல் இலண்டன் இராசரீக சங்கத்தின் வெளியீட்டில் இடம்பெற்றது. ஒளித்துணிக்கையும் இலத்திரனும் மோதும்போது ஒன்றின் சத்தி மற்றொன்றுக்கு மாறுவதே கொம்ப்டன் சிதறல். இதனை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பின்னர் கருந்துளைத் தாரையின் ஒளியைப் பேசும்போது மீண்டும் இது வேண்டப்படும்.

கடற்பயணத்தில் ஒரு கணக்கு

இந்திய அரசாங்கத்தின் உபகாரச் சம்பளம் பெற்று, 1930ஆம் ஆண்டு ஜூலை 31ஆந் திகதி சந்திரசேகர் பம்பாயிலிருந்து கப்பலேறினார். அவ்வேளையில் தாயார் கடும் நோயுற்றுக் கிடந்தார். மகனுடைய பயணத்தைத் தடுக்க உற்றார் விரும்பியபோது, அவன் போகவே வேண்டுமென அம்மையாரே உறுதியாக நின்றார். மகன் மீண்டும் தாயைக் கண்டிலன். 1931ஆம் ஆண்டு மே மாதத்தில் அம்மையார் காலமானார். கேம்பிரிட்ஜிலே தனியே இருந்த இருபது வயது இளைஞருக்கு இத்துயரம் எத்தகையதென்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

அக்கப்பற் பயணத்திலேதான் அவருடைய பெயரை நிலைநாட்டிய கணக்குத் தோன்றியது. எரிபொருள் தீர்ந்த விண்மீனொன்று இறுதியில் என்னாகும் என்பதே வினா. சூரியனையொத்த பொருண்மை பூமியளவான சிற்றுருவில் ஒடுங்கியிருக்கும் வெண்குறு மீன்கள் வானில் உள்ளன. சிரியசு விண்மீனின் துணைமீன் அத்தகையது. அவை தம் பாரத்தாலேயே நொறுங்காமல் நிற்பதற்கு, நெருங்கி அடுக்கப்பட்ட இலத்திரன்களின் எதிரழுத்தமே காரணமென 1926இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் ரால்ஃப் ஃபவுலர் காட்டியிருந்தார். விண்மீனின் பொருண்மை மிகுந்து செல்லச் செல்ல அவ்விலத்திரன்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடவேண்டும் என்பதைச் சந்திரசேகர் உணர்ந்தார். அந்நிலையில் ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையைப் புகுத்திக் கணித்தபோது, எதிரழுத்தம் ஓரளவிற்குமேல் ஈர்ப்பைத் தாங்கமாட்டாதென்ற முடிவு கிடைத்தது. அவ்வெல்லை சூரியனின் பொருண்மையைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு என்பது இன்று ஏற்கப்பட்ட கணிப்பு. அதற்கு மேற்பட்ட பொருண்மையோடு எஞ்சும் விண்மீன் வெண்குறு மீனாய் அமைதியடைய முடியாது. மேலும் மேலும் ஒடுங்கவே வேண்டும்.

அவமதிப்பும் அமைதியும்

கேம்பிரிட்ஜில் 1933இல் கலாநிதிப் பட்டம் பெற்ற சந்திரசேகர், அவ்வாண்டிலேயே திரினிற்றிக் கல்லூரியின் உறுப்பாளராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். கணிதமேதை இராமானுஜனுக்குப் பின் அப்பேறு பெற்ற இந்தியர் அவரே. அக்கல்லூரியைச் சார்ந்தவர் சர் ஆதர் எடிங்டன். சூரிய கிரகணத்தின்போது ஒளி வளைவதை 1919இல் அளந்து ஐன்ஸ்டைனின் கொள்கைக்குச் சான்று தந்தவர் அவர். இளைஞரான சந்திரசேகர், மாநிலக் கல்லூரியிற் கட்டுரைப் போட்டியொன்றிற் பரிசாகப் பெற்ற நூலும் எடிங்டன் எழுதியதே. எடிங்டன் சந்திரசேகரின் அறைக்கு அடிக்கடி வந்து, கணக்குகள் எவ்வாறு செல்கின்றன என விசாரிப்பார். கணிப்புப் பொறியொன்றையும் ஏற்பாடு செய்து கொடுத்தார்.

1935ஆம் ஆண்டு சனவரி மாதம் 11ஆந் திகதி இலண்டன் இராசரீக வானியற் கழகத்தின் கூட்டத்திலே சந்திரசேகர் தம் முடிவுகளை எடுத்துரைத்தார். அவர் அமர்ந்ததும் எடிங்டன் எழுந்தார். அவ்வெல்லையைக் கடந்த விண்மீன், ஒளிதானும் தப்பிச்செல்லமுடியாத அளவுக்கு ஒடுங்கிப் போகும் என்பதை எடிங்டன் தெளிவாகக் கண்டுகொண்டார். ஆயினும் அம்முடிவு நகைப்புக்கிடமானது என்றும், விண்மீன் அவ்வாறு நடந்துகொள்ளாமல் தடுக்கும் இயற்கை விதியொன்று இருத்தல் வேண்டும் என்றும் கூறி, கொள்கையின் அடிப்படையையே மறுத்தார். அவையோர் சிரித்தனர். கூட்டம் முடிந்தபின் பலர் சந்திரசேகருக்கு அனுதாபம் கூறிச் சென்றனர். போர், பௌலி முதலிய பௌதிகப் பேரறிஞர்கள் அவர் கூற்றே சரியெனத் தனிப்பட ஒப்புக்கொண்டனர். ஆயினும் அவர்கள் அதனை வெளிப்படையாக எழுத முன்வரவில்லை.

இங்கே நாம் ஒரு கணம் நின்று நோக்குதல் தகும். எடிங்டன் கண்டு வெறுத்த அப்பொருளே இன்று நாம் கருந்துளை என அழைப்பது. உண்மையை முதலிற் கண்டவர்களுள் ஒருவர், அது தம் உள்ளத்துக்கு ஒவ்வாத காரணத்தால் அதனைத் தள்ளினார். பெரியோர் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆயினும் ஒரு கூற்று மெய்யாவது, சொன்னவரின் பெருமையால் நிகழ்வதில்லை.

சந்திரசேகர் செய்தது யாது? தம் முடிவிலிருந்து அவர் சிறிதும் விலகவில்லை; எடிங்டனோடு பகைக்கவுமில்லை. விண்மீன்களின் அமைப்புப் பற்றி அறிந்தவற்றையெல்லாம் 1939இல் நூலாக எழுதி முடித்துவிட்டு, அத்துறையை விட்டு வேறு துறைக்குச் சென்றார். எடிங்டன் 1944இல் இறந்தபோது அவரது அறிவுப் பெருமையைப் போற்றி உரையாற்றியவர்களுள் சந்திரசேகரும் ஒருவர்.

சிக்காகோ வாழ்வு

1936ஆம் ஆண்டில் தாயகம் திரும்பிய சந்திரசேகர், மாநிலக் கல்லூரியிலே தம்முடன் பௌதிகம் பயின்ற லலிதா அம்மையாரை மணந்தார். பின்னர் இருவரும் அமெரிக்கா சென்றனர். சிக்காகோ சர்வகலாசாலையைச் சார்ந்த யேர்க்ஸ் வானாய்வு நிலையத்திலே சந்திரசேகர் பணியேற்றார். நிறவேற்றுமை மிகுந்திருந்த அக்காலத்திலே, அவர் சிக்காகோ வளாகத்தில் விரிவுரை நிகழ்த்துவதை உயரலுவலர் ஒருவர் எதிர்த்தார். சர்வகலாசாலைத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தவில்லை. சந்திரசேகர் தம் வாழ்நாளின் இறுதிவரை அச்சர்வகலாசாலையை விட்டகலவில்லை. தாயகத்திற்குத் திரும்பிவருவார் எனக் காத்திருந்த தந்தையாருக்கு, 1953இல் மகன் அமெரிக்கக் குடியுரிமை பெற்றது பெரும் மனவருத்தத்தை விளைத்தது.

யேர்க்ஸ் நிலையத்திலிருந்து ஏறக்குறைய 80 மைல் தூரம் காரோட்டிச் சென்று, இரண்டே மாணவரைக் கொண்ட வகுப்பொன்றுக்குப் பாடஞ் சொல்லிவந்தார் என்பது இன்றும் பேசப்படும் செய்தி. லீ, யாங் என்னும் சீனராகிய அவ்விருவருமே 1957ஆம் ஆண்டின் பௌதிக நோபெல் பரிசைப் பெற்றனர். ஆசிரியருக்கோ அப்பரிசு கிடைக்க மேலும் 26 ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது.

அவருடைய ஆராய்ச்சி முறை தனித்துவமுடையது. ஒரு துறையை எடுத்துக்கொள்வார். பல ஆண்டுகள் அதிலேயே மூழ்குவார். துறை முழுவதையும் ஒழுங்குபடுத்தி ஒரு பெருநூல் எழுதுவார். பின்னர் அதனைவிட்டு நீங்கி, மாணவரைப் போல் வேறொரு துறையிற் புதிதாகத் தொடங்குவார். விண்மீன் கூட்டங்களின் இயக்கம் பற்றிய நூல் 1942இலும், ஒளிக்கதிர்கள் வாயுக்களின் ஊடே சிதறிச் செல்வது பற்றிய நூல் 1950இலும், பாய்பொருள்களும் காந்தப்புலங்களும் நிலைகுலைவது பற்றிய நூல் 1961இலும் வெளிவந்தன. இவற்றோடு, 1952 முதல் 1971 வரை வானியற் பௌதிகச் சஞ்சிகையின் ஆசிரியராயிருந்து, அதனை உலகின் முதன்மையான வெளியீடுகளுள் ஒன்றாக்கினார்.

அக்காலத்தில் சிக்காகோவிலே அவருக்கு வாய்த்த நண்பர் இத்தாலிய அறிஞர் என்றிக்கோ ஃபெர்மி. இயங்கும் காந்தப்புலங்களில் மீண்டும் மீண்டும் மோதித் துணிக்கைகள் பெருவேகம் பெறக்கூடும் என்னும் கொள்கையை 1949இல் வெளியிட்டவர் அவர். விண்வெளியின் காந்தப்புலம் பற்றி இருவரும் இணைந்து எழுதிய கட்டுரைகள் 1953இல் வெளிவந்தன. அடுத்த ஆண்டே ஃபெர்மி மறைந்தார்.

கருந்துளைக்கு மீளுதல்

1963ஆம் ஆண்டு வானியலில் ஒரு திருப்புமுனை. மார்ட்டென் ஷ்மிட் என்பவர், கன்னி இராசிப் பகுதியில் விண்மீன் போலத் தோன்றிய ஒரு பொருள், உண்மையில் இருநூறு கோடிக்கு மேற்பட்ட ஒளியாண்டுத் தொலைவில் உள்ளதெனக் கண்டார். அத்துணைத் தொலைவிலிருந்தும் தெரிவதாயின், அது பல்லாயிரங் கோடி விண்மீன்கள் சேர்ந்த மண்டலம் ஒன்றினும் மிகுந்த ஒளியை உமிழவேண்டும். இவ்வாறு கண்டறியப்பட்ட குவாசார்களின் பேரொளிக்கு, மாபெருங் கருந்துளையில் வீழும் வாயுவே காரணமாகலாமெனச் சல்பீற்றரும் செல்டோவிச்சும் 1964இல் எடுத்துக்காட்டினர். அந்த 1963ஆம் ஆண்டிலேயே, சுழலும் கருந்துளைக்கான கணிதத் தீர்வை ரோய் கெர் கண்டறிந்தார். சந்திரசேகர் கணித்த எல்லை விண்மீன்களைப் பற்றியது. கோடிக்கணக்கான சூரியப் பொருண்மை கொண்ட கருந்துளைகள் எவ்வழியால் உருவாயின என்பது இன்றும் ஆராயப்படும் வேறொரு வினா. ஆயினும் பொருளின் ஒடுக்கத்துக்குத் தடை எப்போதும் இருக்குமென்ற பழைய நம்பிக்கையை முதலில் அசைத்தது அவரது எல்லையே.

அறுபதாவது வயதைக் கடந்த பின்னர், தாம் இளமையிற் கைவிட்ட பொருளுக்கு அவர் மீண்டார். இடையிலே இதயநோய் கண்டு, சத்திர சிகிச்சையும் செய்துகொள்ள நேர்ந்தது. அவற்றைத் தாங்கி நின்று, கருந்துளைகளின் கணிதக் கொள்கை பற்றிய பெருநூலை 1983இல் வெளியிட்டார். அதே ஆண்டில், அவரது 73ஆவது பிறந்தநாளிலே, வில்லியம் ஃபவுலருடன் பௌதிக நோபெல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. பரிசுக்குப் பின்னும் அவர் ஓயவில்லை. நியூட்டனின் பெருநூலுக்கு விளக்கம் எழுதி வெளியிட்டபின், 1995ஆம் ஆண்டு ஓகஸ்ட் 21ஆந் திகதி சிக்காகோவிற் காலமானார்.

தாரையும் ஒளிப்பெருக்கும்

இனி, அவரது உழைப்பு சென்று சேர்ந்த இடமொன்றைக் காண்போம். மாபெருங் கருந்துளையை நோக்கி வரும் வாயு நேரே உள்ளே வீழ்வதில்லை. சுழலும் தட்டாகப் பரந்து, சிறிது சிறிதாகவே உள்நகரும். அவ்வாறு நகர்வதற்குச் சுழற்சியை இழத்தல் வேண்டும். மெலிந்த காந்தப்புலம் ஒன்று ஊடுருவினாலே சுழலும் பாய்பொருள் நிலைகுலையும் என்பதை 1959இல் வெலிக்கோவும் 1960இல் சந்திரசேகரும் கண்டிருந்தனர். அதுவே கருந்துளைத் தட்டின் வாயுவை உட்செலுத்துவது என்பதை 1991இல் பல்பசும் ஹோலியும் நிறுவினர். சுழலும் கருந்துளையருகே, கயிறு திரிக்குங்கால் புரிகள் முறுக்கேறுவதுபோலக் காந்தப்புலக் கோடுகளும் முறுக்கேறுகின்றன. அம்முறுக்கின் வழியே கருந்துளையின் சுழற்சிச் சத்தியை வெளியே கொணரலாமென 1977இல் பிளாண்ட்ஃபோர்டும் ஸ்னாயெக்கும் காட்டினர். இவ்வாறு ஒளிவேகத்தை நெருங்கி இருபுறமும் பாய்வதே தாரை. ஒரு தாரை நம்மை நேர்நோக்கிப் பாயுமாயின் அதன் ஒளி பன்மடங்கு மிகுந்து தோன்றும். அதனைப் பிளேசார் என்பர்.

இத்தாரைகள் ஒரே சீராய் ஒளிர்வதில்லை. சிலவேளை சில நாட்களில், ஏன், சில மணிநேரங்களிலேயே பன்மடங்கு ஒளி பெருகி மீண்டும் அடங்கும். அவ்வொளி வானொலி அலையிலிருந்து காமாக் கதிர்வரை பரந்திருக்கும். நம் கண் காணும் ஒளி இப்பரப்பில் மிகச் சிறியது. யாழ்நூல் தந்த விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவின் அயலவராகிய நமக்கு, இசையால் இதனை விளக்குதல் எளிது. கண்ணுக்குப் புலனாகும் ஒளி ஒரு தாயிக்கும் சற்றுக் குறைவு. கருந்துளைத் தாரை இசைக்கும் பண்ணோ ஐம்பது தாயிகளுக்கு மேல் விரிந்தது. ஒரு தாயியை மட்டும் கேட்டு அப்பண்ணை அறிய முயல்வது வீண்.

வெவ்வேறு அலைநீளங்கள் வெவ்வேறு செய்திகளைத் தருகின்றன. காந்தப்புலத்தைச் சுற்றிச் சுழன்றோடும் இலத்திரன்கள் வானொலி அலை முதல் எக்ஸ் கதிர் வரை உமிழ்கின்றன. அவ்விலத்திரன்களே சிறுசத்தி ஒளித்துணிக்கைகளை மோதி, அவற்றைக் காமாக் கதிராக உயர்த்தவும் வல்லன. இது இளைஞர் சந்திரசேகர் மாநிலக் கல்லூரியில் ஆராய்ந்த கொம்ப்டன் சிதறலின் மறுதலை வடிவமே. மிக்க சத்தியுடைய இலத்திரன்கள் விரைவில் தம் சத்தியை இழந்துவிடுவதால், எக்ஸ் கதிரும் காமாக் கதிரும் வேகம் பெற்ற இடத்திற்கு அண்மையிலேயே எழுகின்றன. தாரையின் அடிப்பகுதி வானொலி அலைகளைத் தன்னுள்ளேயே விழுங்கிவிடும். ஆதலின் பல பிளேசார்களில் வானொலிப் பெருக்கு வாரங்களோ மாதங்களோ பிந்தியே தோன்றுகின்றது.

ஒளி மாறும் வேகம் இடத்தின் அளவையும் காட்டும். மருதமுனை முதல் நிந்தவூர் வரையுள்ள வீடுகளெல்லாம் ஒருங்கே விளக்கேற்ற வேண்டுமாயின், ஏற்றுமாறு கூறும் செய்தி முதலில் எல்லா ஊர்க்கும் எட்டவேண்டும். ஒளியினும் விரைந்து செல்லும் செய்தி இல்லை. ஆகவே மூன்று நாட்களிற் பெருகி அடங்கும் ஒளி, ஒளி மூன்று நாட்களிற் கடக்கும் தூரத்தினும் மிகப் பெரிதான இடத்திலிருந்து வரமுடியாது. கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள, எத்தொலைகாட்டியாலும் பிரித்துக் காணவியலாத சிற்றிடத்தின் அளவை வெறும் நேரத்தைக் கொண்டே நாம் அறிகிறோம்.

பெயர் பூண்ட தொலைகாட்டி

எக்ஸ் கதிர்கள் காற்றுமண்டலத்தைக் கடந்து தரையை அடையா. ஆதலின் அமெரிக்க விண்வெளித் தாபனம் 1999ஆம் ஆண்டு ஜூலை 23ஆந் திகதி எக்ஸ் கதிர்த் தொலைகாட்டியொன்றை விண்ணிற் செலுத்தி, அதற்குச் சந்திரா எனப் பெயரிட்டது. ஏவுதலைக் காண லலிதா அம்மையாரும் சென்றிருந்தார். அடுத்த மாதம், கருவியின் கூர்மையைச் சரிசெய்வதற்காக 600 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள குவாசார் ஒன்றை நோக்கினர். வெறும் ஒளிப்புள்ளியாகத் தோன்றுமென எதிர்பார்த்த இடத்திலே, நெடிய தாரையொன்று எக்ஸ் கதிரில் ஒளிர்வதைக் கண்டு அறிஞர் வியந்தனர்.

அதன்பின் சந்திரா அடிக்கடி நோக்கிய பொருள்களுள் ஒன்று, உத்தர விண்மீனுக்குக் கிழக்கே, கன்னி இராசிப் பகுதியிலுள்ள எம் 87 என்னும் விண்மீன் மண்டலம். அதிலிருந்து நேரிய கதிரொன்று வெளிப்படுவதை 1918இலேயே ஹீபர் கர்ட்டிஸ் கண்டிருந்தார். அதன் நடுவே, 5.5 கோடி ஒளியாண்டுத் தொலைவில், 650 கோடி சூரியப் பொருண்மையுள்ள கருந்துளை இருக்கின்றது. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் உலகம் கண்ட முதற் கருந்துளைப் படம் இதனுடையதே.

இத்தாரையின் ஒளிப்பெருக்குகள் அறிஞரை நன்கு சோதித்தன. கருந்துளையிலிருந்து இருநூறு ஒளியாண்டுகளுக்கும் அப்பால் தாரையிலுள்ள முடிச்சொன்று, 2005இல் எக்ஸ் கதிரில் ஐம்பது மடங்குக்கு மேல் ஒளிர்ந்ததைச் சந்திரா கண்டது. அவ்வாண்டிலேயே நமீபியா நாட்டிலுள்ள தொலைகாட்டிகள் காமாக் கதிர்ப் பெருக்கொன்றையும் கண்டன. முடிச்சே அதன் பிறப்பிடமெனப் பலர் எண்ணினர். ஆனால் 2008இல் காமாக் கதிர் மீண்டும் பெருகியபோது முடிச்சு அமைதியாயிருந்தது. எக்ஸ் கதிரும் வானொலி அலையும் கருந்துளையின் அருகிலேயே பெருகின. 2010இல் நிகழ்ந்த பெருக்கிலோ எக்ஸ் கதிர் நடுவிடத்திற் பெருக, வானொலி அலை பெருகவில்லை. ஓரலைநீளத்தை மட்டும் நோக்கியிருந்தால், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பிழையான முடிவே கிடைத்திருக்கும்.

தலைப்பிறை பார்க்கும் வழக்கத்தை நம் கரையோரத்து ஊர்களில் அறியாதார் இலர். ஓரூரில் முகில் மறைத்தாலும், நாட்டின் பல ஊர்களிலிருந்து வரும் செய்திகளையும் கூட்டி ஆராய்ந்தே முடிவு செய்யப்படுகின்றது. அதனையொப்ப, 2018ஆம் ஆண்டு ஏப்ரலில் தரையிலும் விண்ணிலுமாக இருபதுக்கு மேற்பட்ட கருவிகள் எம் 87ஐ ஒருங்கே நோக்கின. அப்போது ஏறக்குறைய மூன்று நாட்கள் நீடித்த காமாக் கதிர்ப் பெருக்கொன்று அகப்பட்டது. கருந்துளையைச் சூழ்ந்த வளையத்தின் ஒளிமிக்க பகுதியும் முந்திய ஆண்டிலிருந்த இடத்தினின்று பெயர்ந்திருந்தது. இம்முடிவுகள் 2024இல் வெளியாயின. அக்கூட்டு முயற்சியிற் சந்திராவும், 2008இல் ஏவப்பட்டு ஃபெர்மியின் பெயரைத் தாங்கிய காமாக் கதிர்த் தொலைகாட்டியும் பங்குகொண்டன. சிக்காகோவில் ஒன்றாயிருந்து காந்தப்புலங்களை ஆராய்ந்த நண்பர் இருவரின் பெயர்களும், அவர்கள் மறைந்த பின்னர், ஒரே பொருளை நோக்கி நின்றன.

துணிக்கைகள் எவ்வாறு அத்துணை வேகம் பெறுகின்றன என்ற வினாவுக்கும் சிறிது விடை கிடைத்துள்ளது. ஒளியலைகள் ஒரு திசையில் ஒழுங்குபட்டு அதிர்வதை முனைவாக்கம் என்பர். சிதறிய ஒளியின் முனைவாக்கத்தைத் துல்லியமாகக் கணித்துக் காட்டியவர் சந்திரசேகர். 2021இல் ஏவப்பட்ட கருவியொன்று, 2022இல் பிளேசார் ஒன்றின் எக்ஸ் கதிர் முனைவாக்கத்தை அளந்தது. அது கண்ணுக்குப் புலனாகும் ஒளியினதிலும் ஏறக்குறைய இருமடங்காயிருந்தது. தாரையினுள் எழும் அதிர்ச்சி அலையே அங்குத் துணிக்கைகளை வேகமூட்டியது என்பதற்கு இது சான்றாயிற்று. எல்லாத் தாரைகளிலும், எல்லாப் பெருக்குகளிலும் இதுவே காரணமா என்பது இனித்தான் தெளிவாகவேண்டும்.

முடிவுரை

சந்திரசேகர் கருந்துளைத் தாரையின் ஒளிப்பெருக்கை விளக்கவேண்டுமென்று ஒருநாளும் திட்டமிட்டவரல்லர். கொம்ப்டன் சிதறலை ஆராய்ந்தபோதோ, காந்தப்புலத்தாற் பாய்பொருள் நிலைகுலைவதைக் கணித்தபோதோ, இவை ஒருநாள் ஓரிடத்தில் வந்து கூடுமென அவர் அறிந்திருக்க முடியாது. கையிலெடுத்த ஒவ்வொன்றையும் முற்றச் செய்தார், அவ்வளவே. 1935ஆம் ஆண்டின் அவமதிப்பை மனத்தில் வைத்து அவர் சோர்ந்திருந்தால், அவருக்கு நேர்ந்த அநீதியை மட்டுமே இன்று நாம் பேசிக்கொண்டிருப்போம்.

விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் பயின்று தமிழுக்கு உழைத்தவர். அவர் பிறந்த இக்கரையிலே விஞ்ஞானம் கற்கும் மாணவரும் மாணவியரும் இன்று பலர். பரீட்சையிலே ஒருமுறை தவறியோரும், தம் கருத்தைப் பெரியோர் ஏற்கவில்லையென வருந்துவோரும் அவர்களுள் இருக்கலாம். அன்னோர் சந்திரசேகரின் வரலாற்றை ஒருமுறை ஆற அமரப் படிப்பாராக. கணக்குச் சரியாயின் அதனை விடாது பற்றுக. மறுத்தவரை வெறுக்காது விடுக. அடுத்த வேலையைத் தொடங்குக. அவர் வாழ்ந்து காட்டிய நெறி இதுவே.